முதுகுக்கு ஏது உதடு

ஐந்தாவது தடவையாகத் திரையில் அந்த வெள்ளைக்காரி உதட்டை ஒட்டினாள், குவித்தாள், விரித்தாள். அவ்வளவுதான், ஒரே ஒரு வார்த்தை. ஒட்டிக் குவித்தால் ‘போ’, விரித்தால் ‘றேன்’. போறேன். தமிழில் வரப்போகிற படம் என்று தெரிந்தே வாயசைத்தாளோ என்னவோ, அத்தனை கச்சிதம். ஆனால் டப்பிங் மைக்குக்கு முன்னால் நின்றிருந்த பிலோமினாவின் வாயிலிருந்து ஐந்தாவது தடவையும் வந்தது “வரேன்”தான். சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினீயர் முபாரக் குனிந்து பித்தான்களைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தார். சிரிக்கிறார், படுபாவி. பக்கத்தில் வசனகர்த்தா தட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. “பிலோமினா, பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?” என்று ஹெட்போனுக்குள் அவர் குரல் வந்தது. “போறேன் சார்.” “இப்ப மட்டும் வருதே!” “இப்ப படிச்சேன் சார்.” “அஞ்சு நிமிஷம் மூச்சு விட்டுக்கோ. மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்குள்ள இந்த சீன் முடியலைன்னா ரெண்டு மணிக்கு சாருலதா வர்றா. இதுவரைக்கும் நீ பேசினதையும் அழிச்சிட்டு முழுப் படத்தையும் அவளை வச்சே முடிச்சிடறேன். கோவிச்சுக்காதே.” கோவிச்சுக்காதேயாம். தலையை வெட்டிவிட்டு, வலிச்சா சொல்லு என்கிற மாதிரி.

அஞ்சு நிமிஷம். ஏசி காற்று பிடரியில் அடித்தது. இந்த அறையின் வாசனை பிலோமினாவுக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம், தூசியும் பழைய கம்பளமும் யாரோ எப்போதோ குடித்த இஞ்சி டீயும் கலந்தது. ஆனால் இந்த மைக்குக்கு முன்னால் தனியாக நிற்பது இந்தப் படத்தில்தான் முதல் தடவை. இத்தனை வருஷமும் கும்பல் குரல்தான். எட்டுப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று சந்தை என்றால் “கிலோ இருபது கிலோ இருபது”, கலவரம் என்றால் “அடிங்கடா பிடிங்கடா”, கல்யாணம் என்றால் “பொண்ணு லட்சணமா இருக்கு”. பேய்ப் படம் என்றால் அவளை வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள். அலறுவதில் கோடம்பாக்கத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதல் முதலில் அலறலைக் கேட்ட அன்றைக்கு வீட்டுக்காரர் அமலநாதன் ஊதிக்கொண்டிருந்த ட்ரம்பெட்டை இறக்கி வைத்துவிட்டு, “ஏன்டி, என் வாத்தியத்தைவிட ரெண்டு கட்டை மேல போறியே” என்றார். கல்யாணம், சர்ச் திருவிழா என்று பேண்டில் முதல் வரிசையில் நின்று ஊதுகிறவர். அவர் வாயால் அது பெரிய பட்டம். இப்போது போன மாதம் கூப்பிட்டு, அலறுவதற்கு இல்லை, பேசுவதற்கு என்றார்கள். கதாநாயகிக்கு. அதிலும் இது சாதாரணப் பேய்ப் படம் இல்லை, மூளையுள்ள படம். தட்சிணாமூர்த்தியே, “ஐம்பது வருஷத்துல நான் வசனம் எழுதினதிலேயே யோசிக்க வச்ச படம்” என்று சொன்னார். அப்படிப்பட்ட படத்தில், அந்தப் பாழாய்ப்போன ஒற்றை வார்த்தையில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கதை இதுதான். ஊர் ஊராக ஒரு கிருமி. காய்ச்சல் மூன்று நாள், நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும். அதற்குப் பிறகு அந்த ஆள் நடப்பான், நிற்பான், மூச்சு விடுவான், ஆனால் உள்ளே ஆள் இருக்காது. புத்தி தெளிவாக இருந்தபோது கடைசியாக என்ன சொன்னானோ அந்த ஒரு வாக்கியம் மட்டும் வாயில் தங்கிவிடும். அதையே சொல்லிக்கொண்டு தெரிந்த வீட்டைத் தேடி வருவான், தெரிந்த முகத்துக்குப் பக்கத்தில் வந்து சொல்லுவான். அந்த மூச்சில் கிருமி. கடிப்பது கிடையாது, பிறாண்டுவது கிடையாது, பிரியமாகத்தான் வருவான். அதுதான் பயமே. தப்பிப் பிழைத்த ஏழு பேர் கடலோரம் ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறார்கள். வெளியே மதில் ஓரமாகக் குரல்கள். ஒருத்தன், “உப்பு கம்மி, உப்பு கம்மி” என்று ஒரு வருஷமாக நடக்கிறான். முதலில் கேட்டபோது பிலோமினாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. பாவி மனுஷா, பெண்டாட்டி சமையலைக் குறை சொன்ன வாயோடயே போய்ச் சேர்ந்தியா! அப்புறம் அதே படத்தில் அந்தப் பெண்டாட்டி மதிலுக்கு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு தடவை அவன் சொல்லும்போதும், “நாளைக்குப் போடறேன்” என்று பதில் சொல்லுகிற இடம் வந்தது. அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் வார்த்தையை அளந்து பேசுகிறார்கள், ஏதாவது அசட்டுப் பேச்சு பேசி அதுவே கடைசியாகிவிட்டால்? ஒரு கிழவர் வாயையே திறப்பதில்லை. பிலோமினாவும் வீட்டில் யோசித்துப் பார்த்தாள், நமக்கு இந்தக் கிருமி வந்தால் என்ன மிஞ்சும் என்று. கண்டிப்பாக “குக்கரை அணைச்சியா”தான். சாலிகிராமம் முழுக்க வீடு வீடாகப் போய்க் குக்கரை அணைச்சியா, குக்கரை அணைச்சியா. நாலு பேருக்கு உபயோகமாகவாவது இருக்கும்.

சரி. அந்த ஏழு பேரில் ஒருத்தி இந்த வெள்ளைக்காரி, எலீனா. அவளுக்கு எட்டு வயசில் ஒரு மகள். எலீனாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மகளுக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அவளே வெளியே போக முடிவு பண்ணிவிட்டாள். கதவோரம் நிற்கிறாள். என்ன சொல்லிவிட்டுப் போவது? எது சொன்னாலும் அதுதான் இனிமேல் காலத்துக்கும். கடைசியில் அவள் பாஷையில் ஒரே வார்த்தை, கிளம்புகிறேன் என்கிற மாதிரி. ஒட்டு, குவி, விரி. திரும்புகிறாள், கதவைத் திறந்து போய்விடுகிறாள். அதற்குப் பிறகு பாதிப் படம் வெளியே அவள் குரல். போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, போகாமல், மதில் ஓரத்திலேயே நிற்கிறாள். தட்சிணாமூர்த்தி வசனம் எழுதிக்கொடுத்த அன்றைக்கே பெருமையாகச் சொன்னார். “பார்த்தியா, போறேன் போறேன்னு சொல்லுவா, போகமாட்டா. இதுதான் படம்.” நியாயம்தான். எழுதியதில் ஒரு குறை சொல்ல முடியாது. உதடும் ஒட்டுகிறது. எல்லாம் சரி, ஆனால் தமிழ்நாட்டில் பிறந்த எந்தத் தாயாவது பிள்ளையிடம் வெறுமனே போறேன் என்று சொல்லுவாளா? பால் வாங்கப் போகிறவள்கூட ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுத்தானே போகிறாள். கோபத்தில் தாய் வீட்டுக்குக் கிளம்புகிறவள்தான் போறேன் என்பாள். அவளையும், “அப்படிச் சொல்லாதடி, வரேன்னு சொல்லிட்டுப் போ” என்று பக்கத்து வீட்டுக்காரி திருத்துவாள். வாய்ப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? அதைத்தான் முதல் டேக்கிலேயே சொல்லிப் பார்த்தாள். “பழக்கத்தை வெளியில கழட்டி வச்சிட்டு உள்ள வா” என்றார் அவர்.

வாய்ப்பழக்கம் மட்டும்தானா? சும்மா சொல்லக்கூடாது, பிலோமினாவுக்கே தெரியும். வேறு நாளாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். இன்றைக்குப் பார்த்து. காலையில் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால். எட்டரை மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வருஷா வருஷம் ஆஸ்பத்திரியில் அவருக்கு நெஞ்சுக்கு ஸ்கேன் எடுப்பார்கள், வருஷா வருஷம் அவள் கூடப் போவாள். இந்த வருஷம், “உனக்கு ஹீரோயின் வேலை இருக்கு, எனக்கென்ன வழி தெரியாதா” என்று ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். ஒரு வாரமாக வீட்டில் அவளுக்கு ஒத்திகை. எலீனாவின் மகள் வசனத்தை எல்லாம் அமலநாதன்தான் மூக்கால் பேசிக் காட்டுவார். “அம்மா, எங்க போற?” என்று அந்தத் தொந்தியோடு அவர் எட்டு வயசுப் பிள்ளையாக நிற்பதைப் பார்த்தால் வசனம் எங்கிருந்து வரும்? அந்த வார்த்தையில் அவள் மாட்டிக்கொள்வதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் வேண்டுமென்றே, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்த எலீனா மாதிரியே கழுத்தைச் சாய்த்து, “போறேன்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆட்டோ கிளம்பிவிட்டது. “யோவ்! வரேன்னு சொல்லுய்யா!” என்று இவள் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். ஆட்டோவின் பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடியில் பிடரியும் ஊதா சட்டை முதுகும் தெரிந்தன. ஒரு கை மட்டும் வெளியே நீண்டு ஆடியது. அந்த சைலன்சர் போட்ட சத்தத்தில் இவள் கத்தியது அவர் காதில் விழுந்ததா, விழவில்லையா? விழுந்திருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாரா? செல்போன் கைப்பையில், கைப்பை கன்ட்ரோல் ரூமில். மைக் இருக்கிற அறைக்குள் போன் கூடாது.

முட்டாள்தனம் என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம், தட்சிணாமூர்த்தியும் கேட்பார். அந்தக் கொரோனா இரண்டாவது அலையில் அவளோடு வாசலில் நின்றிருந்தால் கேட்க மாட்டார். மே மாதம், வெயில், தெரு முழுக்க ஜன்னல் சாத்தியிருந்தது. ஆம்புலன்சில் இருந்து இறங்கியவர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டியிருந்தார். அமலநாதனால் நாலு அடி நடக்க முடியவில்லை. ஸ்டேடியம் நடுவில் நின்று மூச்சு விடாமல் ஊதிய ஆள், வீட்டுப் படியில் உட்கார்ந்து இரைத்தார். வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தப்போகும்போது மாஸ்க்குக்குள்ளிருந்து, “பிலோமி, நான் போறேன்” என்றார். சொன்னாரோ இல்லையோ, இவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, எட்டுப் பேர் சேர்ந்து அலறுகிற அலறலை ஒருத்தியாக அலறினாள். “போறேன்னு சொல்லாதய்யா! வரேன்னு சொல்லு! சொன்னாத்தான் வண்டியை விடுவேன்!” வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். சாத்தியிருந்த ஜன்னல் எல்லாம் திறந்தது. ஆம்புலன்ஸ்காரர், “யம்மா, நான் ஆக்சிஜன் அளவு பாத்துட்டிருக்கேன், நீ இலக்கணம் பாக்குறியா” என்று கெஞ்சினார். இவள் நகரவில்லை. கடைசியில் உள்ளே இருந்து, “வரேன்டி தாயே, வரேன், வழிய விடு” என்று இரைப்புக்கு நடுவில் வந்தது. அப்புறம்தான் விட்டாள். பதினாறு நாள். பதினேழாம் நாள் ஒன்பது கிலோ இளைத்து, சட்டை தொளதொளவென்று வாசலில் வந்து நின்று, “வந்துட்டேன்” என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. இவள் ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் அழுதாள். மாதா கிருபை, மாத்திரை, டாக்டர் எல்லாம்தான் காரணம், இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தையும் ஒரு ஓரத்தில் நின்று வேலை செய்தது. அதை யார் வந்து இல்லை என்றாலும் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பிழைத்து வந்தாரே தவிர, நுரையீரலில் தழும்பு விழுந்துவிட்டது. ஊதக்கூடாது என்றுவிட்டார்கள். ட்ரம்பெட் பெட்டி பீரோ மேலே ஏறி மூன்று வருஷம். வருஷா வருஷம் டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்பார். அமலநாதன் சிரித்துக்கொண்டே வெளியே வந்து பேண்டு கோஷ்டிக்குப் பாட்டு நோட்டுப் புத்தகம் தூக்குகிற வேலையைப் பார்ப்பார். அவர் எதற்கும் சிரிக்கிற ஆள். அதுதான் அவளுக்கு எரிச்சல், அதுதான் அவளுக்குப் பிடித்ததும். போகிற இடத்தில் இந்த வருஷம் என்ன சொல்வார்களோ. இருமல் வேறு இரண்டு நாளாக. லேசாகத்தான். தொண்டை கட்டு என்கிறார். தொண்டை கட்டாகத்தான் இருக்கும். தழும்பு பெரிதாகியிருந்தால்? இன்றைக்கே படுத்துக்கொள் என்று கட்டில் கொடுத்துவிட்டால்? அப்படி ஏதாவது ஆகிவிட்டால், தெருவில் விட்டுப்போன கடைசி வார்த்தை எது? அங்கே அவர் போறேன் என்றுவிட்டுப் போயிருக்கிறார், இங்கே இவள் அதையே மைக்கில் சொல்லி, பதிவு பண்ணி, ஊர் ஊராகத் தியேட்டரில் போட வேண்டுமாம். ஒரே நாளில் ஒரே வீட்டில் இரண்டு பேர் போறேன் சொல்லலாமா? நாக்கு எப்படிப் புரளும்?

“என்னக்கா, போலாமா?” முபாரக். அவளைவிட நாலு வயசு மூத்தவர், ஆனால் கோடம்பாக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் அக்கா. பிலோமினா ஒரு மிடறு வெந்நீர் குடித்தாள். யோசித்துப் பார்த்தாள். கடைக்குப் போறேன் என்றால் தடையில்லாமல் வருகிறது. பூசைக்குப் போறேன், பீச்சுக்குப் போறேன், ஒன்றும் பண்ணவில்லை. போகிற இடத்தைச் சொல்லிவிட்டால் வார்த்தையில் விஷம் இல்லை. ஆஹா, வழி கிடைத்துவிட்டது! ‘கடைக்கு’ என்பதை மனசுக்குள் சொல்வோம், ‘போறேன்’ மட்டும் வாயால் சொல்வோம், மாதாவுக்கு விஷயம் தெரியும், தட்சிணாமூர்த்திக்குத் தெரியாது. தலையாட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எலீனா கதவோரம் நின்றாள், கண் நிறைந்தது, ஒட்டு, குவி, விரி. “போறேன்.” வந்துவிட்டது! சுத்தமாக, உதட்டில் ஒட்ட வைத்த மாதிரி வந்துவிட்டது. பிலோமினா வெற்றிப் பார்வையோடு கண்ணாடியைப் பார்த்தாள்.  முபாரக் தொண்டையைச் செருமினார். “அக்கா, லிப் சிங்க் அருமை. ஆனா கீரை வாங்கப் போற மாதிரி இருக்கு.” தட்சிணாமூர்த்தி, “முளைக்கீரை” என்றார். அவர் நகைச்சுவையாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. மணி பன்னிரண்டு நாற்பது. “கடைசியா ரெண்டு டேக் தர்றேன்” என்றார்.

சாருலதா நல்ல பெண்தான். அவளுக்கு இந்த வார்த்தை ஒரு வார்த்தை. வருவாள், ஹெட்போனை மாட்டுவாள், போறேன் என்பாள், ஹெட்போனைக் கழற்றுவாள், போவாள். வேலை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். இருபத்திரண்டு வருஷம் கும்பலில் நின்றவளுக்கு ஒரு நாள் முன்வரிசை கிடைத்தது, அதையும் ஒரு வார்த்தைக்காகத் தாரை வார்த்தாள் என்று யூனியனில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இல்லை, சிரிக்கக் கூடாது. அமலநாதன் என்ன சொல்லுவார்? “அடி அசடே, நான் விளையாட்டுக்குச் சொன்னேன், நீ வேலையை விட்டுட்டு வந்தியா?” என்பார். சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கும், அது அவளுக்கு மட்டும் கேட்கும். மூன்று வருஷமாக அந்த வீட்டில் சத்தம் போட்டுச் சம்பாதிக்கிற வாய் இவளுடையது ஒன்றுதான். கண்ணை மூடினாள். திறந்தாள். “முபாரக் பாய், சத்தம் இல்லாம ஒரு தடவை ஓட்டுங்களேன். வெறும் படம்.” ஓட்டினார். எலீனா நின்றாள். ஒட்டு. குவி. விரி. திரும்பினாள். கதவுக்கு நடந்தாள். பச்சைக் கம்பளிச் சட்டை, ஒல்லி முதுகு. நாலு எட்டு. இரண்டாவது எட்டில் தோள் கொஞ்சம் ஏறி இறங்கியது. விசும்பலாக இருக்கும். “இன்னொரு தடவை ஓட்டுங்க.” மறுபடி. தோள் ஏறி இறங்கியது.  முதுகு! சனியனே, இவ்வளவு நேரமும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோமே! கும்பல் குரல்காரிக்குக் கடவுள் கொடுத்த வரம் முதுகுதானே. எத்தனை கலவரம், எத்தனை கல்யாணம், தூரத்துத் தலையும் திரும்பின முதுகும் வந்தால் எட்டுப் பேருக்கும் கொண்டாட்டம். அங்கே எதை வேண்டுமானாலும் போடலாம், எவனும் கேட்க முடியாது. ஒரு சரித்திரப் படத்தில் ராஜா முதுகைக் காட்டி நிற்கிற இடத்தில், கூட இருந்த பரிமளம் குறும்புக்கு, “இந்த பஸ் வடபழனி போகுமா” என்று சொல்லி, அது அப்படியே ரிலீசாகி, இன்றுவரை ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. முதுகுக்கு ஏது உதடு?

ஒட்டு, குவி, விரி. போய். ஒட்டினால் ப, குவித்தால் ஓ, விரித்தால் ய். அட, அதுவும் அச்சாக உட்காருகிறதே. மிச்சம் முதுகுக்கு. பிலோமினா ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் தட்சிணாமூர்த்தி வாதம் பண்ணுவார், வாதத்தில் அவரை ஜெயித்தவர் கிடையாது. “ரெடி சார்” என்றாள். சிவப்பு விளக்கு. எலீனா மகளைப் பார்த்தாள். வெறும் மகள் இல்லை, தொந்தியும் ஊதா சட்டையுமாக மூக்கால் பேசுகிற மகள். பிலோமினாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு மைக்கை நெருங்கினாள். உதடு ஒட்டியது. “போய்...” குவிந்து விரிந்தது, முகம் திரும்பியது, முதுகு வந்தது, ஒரு எட்டு, இரண்டாவது எட்டு, தோள் ஏறி இறங்குகிற அந்த இடத்தில், காதோரம் சொல்லுகிற குரலில், “...ட்டு வரேன்” என்றாள். கதவு திறந்தது. போய்விட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முபாரக் கையைப் பித்தானிலிருந்து எடுக்கவில்லை. தட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார்.  முடிந்தது கதை, சாருலதாவுக்குப் போன் போகப்போகிறது. “பிலோமினா.” “சார்.” “நான் எழுதினது அது இல்லை.” “தெரியும் சார்.” “போறேன் போறேன்னு சொல்லிட்டுப் போகாம நிக்கிறா. அதான் படம்னு சொன்னேனே.” “ஆமா சார். ஆனா சார், நம்ம ஊர்ல வரேன்னு சொல்லிட்டுப் போனவ, வரேன் வரேன்னு வெளியில நின்னா, அந்தப் புள்ள கதவைத் திறக்காம எப்படி சார் இருக்கும்?” அவர் பேப்பரைப் புரட்டினார், பக்கம் பக்கமாகப் புரட்டினார், பென்சிலை எடுத்தார்.  “வெளியில இருந்து அந்தக் குரல் வர்ற இடம் இருபத்தேழு. எல்லாத்தையும் மாத்தணும்” என்று எரிந்து விழுந்தார். “கதவுத் துவாரத்து வழியா முகம் தெரியற இடத்துல உதட்டுக்கு ‘போய்ட்டு’ போடு, அந்தப் புள்ள துவாரத்தை மூடினப்புறம் மிச்சத்தை விடு. வெறும் வரேன் எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம். கத்தாதே. கூப்பிடு.” முபாரக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

இருபத்தேழு தடவை. வரேன். வரேன். போய்ட்டு வரேன். தூரத்தில் ஒன்று, கதவுக்குப் பக்கத்தில் ஒன்று, மழையில் ஒன்று, மகள் தூங்கும்போது ஒன்று. ஐந்தாவதுக்குப் பிறகு வார்த்தையில் அர்த்தம் கழன்றுபோய்ச் சத்தம் மட்டும் நின்றது, பத்தாவதுக்குப் பிறகு அர்த்தம் திரும்பி வந்தது, இருபதாவதுக்குப் பிறகு அவள் யாருக்குச் சொல்கிறாள் என்றே தெரியவில்லை. எலீனாவா, அந்த ஆம்புலன்சில் மாஸ்க்குக்குள் இரைத்த குரலா, காலையில் ஓடின ஆட்டோவா? உப்பு கம்மிக்காரன்கூட வந்து போனான். கடைசி வரேனில் முபாரக் கையைத் தேய்த்துக்கொண்டு, “முடியெல்லாம் நிக்குதுக்கா” என்றார். “ஓகே” என்றார் தட்சிணாமூர்த்தி. அந்த ஆள் ஓகே சொல்வதைப் பிலோமினா இதற்கு முன்னால் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள், இரண்டும் மற்றவர்களுக்குச் சொன்னது. அவர் எழுந்து, பேப்பரை அடுக்கி, குடையை எடுத்து, வழக்கம்போல, “சரிப்பா, சாப்பிட்டுட்டு வரேன்” என்று சொல்லிக் கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முபாரக், “சார், உங்களுக்கு ஒட்டிக்கிச்சு” என்றார். தட்சிணாமூர்த்தி சிரித்தார். பல் தெரிந்தது. பிலோமினா சத்தியமாகப் பார்த்தாள்.

கைப்பையில் போனை எடுத்தால் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. இதுவும் இன்றைக்குத்தான். விடுவிடுவென்று படி இறங்கினாள். வெயிலில் கண் கூசியது. கேட்டுக்கு வெளியே, இளநீர் வண்டி நிழலில், ஊதா சட்டை. முதுகுதான் தெரிந்தது. கக்கத்தில் ஃபைல். பிலோமினா ஓடவில்லை, ஓடினால் கேலி பண்ணுவார். நடந்தாள். கொஞ்சம் வேகமாக நடந்தாள். “என்ன சொன்னாங்க?” அமலநாதன் திரும்பினார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன, வாயில் ஒரு சிவப்பு பலூன். பதில் சொல்லாமல் ஊதினார். பலூன் பெரிதாகி, பெரிதாகி, அவர் முகத்தையே மறைத்தது. அப்புறம் விட்டார், அது சீறிக்கொண்டு போய் இளநீர்க் குலை மேல் விழுந்தது. “தினம் இருபது ஊதணுமாம். ஒரு மாசம் ஊதிட்டா பெட்டியை இறக்கலாம்னுட்டாரு. தழும்பு அப்படியேதான் இருக்காம், கூடலையாம்.” அவளுக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்காரவில்லை, சண்டை பாக்கி இருந்தது. “அது கிடக்கட்டும். காலையில என்ன சொல்லிட்டுய்யா போன? எத்தனை கத்து கத்தினேன், ஒரு வரேன் சொல்ல வாய் வரலையா உனக்கு?” அமலநாதன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “சொன்னேனேடி! தெருமுனை திரும்பற வரைக்கும் வரேன் வரேன்னு கத்திக்கிட்டேதானே போனேன். ஆட்டோக்காரர், ‘இன்னா சார், வரேன் வரேன்றீங்க, வண்டியத் திருப்பட்டுமா’ன்னு கேட்டாரு. கையைக்கூட ஆட்டினேனே?”

பிலோமினா யோசித்துப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் பார்த்தது ஒரு பிடரி, ஒரு முதுகு, ஆடின ஒரு கை. வாயைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நடுத்தெருவில், வாயை மூடாமல், இருபத்திரண்டு வருஷச் சிரிப்பாகச் சிரித்தாள். இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “என்னடி ஆச்சு? படம் போச்சா?” என்று அமலநாதன் பதறினார். “போகலை. எனக்குத்தான். இருபத்தேழு வரேன் சொல்லியிருக்கேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ சொன்னது ஒண்ணும் என் காதுல விழலை. இப்ப சொல்லு, கேக்கறேன்” என்றாள். “இப்ப எதுக்கு? நான் எங்கேயும் போகலையே” என்றார் அவர். குலை மேலிருந்து பலூனை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “வந்துட்டேன்.”